கிழ நாயின் தூக்கம்

நித்திரை விஷயத்தில் நாயைக் குருவாகக் கொள்ள வேண்டும் என்று நம் பெரியோர்கள் சொல்லியிருக்கிறார்கள். சாணக்கியர் பெயரால் வழங்கும் நீதி நூலில், நாயினிடமிருந்து மனிதன் கற்க வேண்டிய குணங்கள் ஆறு என்று ஒரு கணக்கு உண்டு. கிடைத்தால் நிறையத் தின்பது, கிடைக்காவிட்டால் கொஞ்சத்தில் திருப்தி அடைவது, நன்றாகத் தூங்குவது, சிறு ஓசை கேட்டாலும் சட்டென்று விழித்துக் கொள்வது, எஜமான விசுவாசம், வீரம் ஆகியவை அந்த ஆறு. மாணாக்கனுடைய லட்சணங்களில் ‘சுவான நித்திரை’யும் ஒன்று என்று சொல்லி வடமொழிப் பண்டிதர்கள் பள்ளிப் பிள்ளைகளை விரட்டுவதும் உண்டு.

இந்த நீதிகளைச் செய்தவர்கள் வாலிப நாயைப் பார்த்துத்தான் செய்திருக்க வேண்டும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். பன்னிரண்டு வயது நாயோடு ஒரு மாத காலம் ஒரே கூரையின் கீழ் இராப்பொழுதைக் கழித்திருந்தால், நித்திரையை அடித்துவிட்டு ஐந்து குணங்களோடு நிறுத்தியிருப்பார்கள்.

எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட நாய் ஒன்று இருக்கிறது. கன்னி ஜாதி. உடம்பெல்லாம் கறுப்பு, கண்ணுக்கு மேல் இரண்டு பொட்டும் கால்களும் மட்டும் பழுப்பு. பெயர் கறுப்பி. அதற்கு இராத் தூக்கம் கெட்டுப்போன கதையையும், அதை ஓரளவு சரிப்படுத்திய விதத்தையுமே இங்கே சொல்லப் புகுந்தேன். வயதான நாயை வீட்டில் வைத்துக் கொண்டு திண்டாடுகிறவர்கள் பலர் உண்டு என்று அறிந்தே இதை எழுதுகிறேன்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் சீமையைப் பார்த்தவர்களுக்கு அதை வர்ணிக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்கு வர்ணித்தும் பயனில்லை. மழை பெய்தால் கால் புதையும் கரிசல். பெய்யாவிட்டால் கை நுழையும் வெடிப்பு. குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களை விட மணல் கிடக்கும் நாட்களே அதிகம். கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக் கருவேல். அறுவடை முடிந்த புஞ்சைகளில் ஆட்டுக்காரர்கள் கிடை போடுவார்கள். ஆட்டுப் புழுக்கை நிலத்துக்கு எரு. எருவுக்காக நிலத்துக்காரன் ஆட்டுக்காரனுக்குக் கூலி கொடுப்பான். அந்தக் கிடையைச் சுற்றி இரவெல்லாம் நாய்கள் காவல் இருக்கும். பகலில் அவை கருவேல நிழலில் செத்தவை போல் கிடப்பதைக் கண்டு, ‘சோம்பேறி நாய்கள்’ என்று பட்டணத்திலிருந்து வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இராத்திரி உத்தியோகம் பார்க்கிறவன் பகலில் தூங்காமல் என்ன செய்வான்?

நாய் விஷயத்தில் இந்தச் சீமைக்குத் தனிப் பெருமையே உண்டு. சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துச் சிப்பிப்பாறை என்ற ஊரின் பெயரைத் தாங்கிய வேட்டை நாய் உலகமெங்கும் தெரிந்த ஜாதி. கன்னி அதற்கு நெருங்கிய உறவு. இராஜபாளையத்து வெள்ளை நாய்க்கு 2005-ம் வருஷம் ஜனவரி மாதம் இந்தியத் தபால் இலாகா ஒரு தபால் தலையே வெளியிட்டுக் கௌரவித்தது. ஆனால் நம்மவர்களோ வெகு காலம் வரையில் சீமையிலிருந்து வந்த சடை நாய்க்கு மின்விசிறி போட்டுவிட்டு, சொந்த ஊர் நாயைத் தெருவில் விட்டிருந்தார்கள். இப்போது நிலைமை சற்று மாறி வருவது சந்தோஷமான விஷயம்.

இந்த ஜாதி நாய்கள் முயல் விரட்டுவதற்கென்றே பல தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. உடம்பில் கொழுப்பு என்பது கிடையாது. தோல் மெல்லியது, ரோமம் குட்டை, எலும்பெல்லாம் வெளியே தெரியும். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முயல் வேட்டை குற்றமாகிவிட்டபடியால், வேட்டை நாய் காவல் நாயாகவும் வீட்டு நாயாகவும் உத்தியோகம் மாறிற்று. தடுப்பு ஊசியும் வந்துவிட்டது. முன் காலத்தில் நாய்க்குக் கிழப் பருவம் வருவதே அபூர்வம். குட்டியில் கொள்ளை நோய் கொண்டு போகும். தப்பினால் வேட்டையில் காட்டுப் பன்றி கிழிக்கும். அதற்கும் தப்பினால் விஷக்கடி. இன்று அவை பத்து வயதையும் பன்னிரண்டு வயதையும் காண்கின்றன. ஆகவே கிழ நாயை எப்படிப் பராமரிப்பது என்ற கேள்வி நம்முடைய பாட்டனாருக்கு அதிகமாக எழவில்லை, நமக்கு எழுந்திருக்கிறது.

* * *

சென்ற சித்திரை மாதத்தில்தான் ஆரம்பம். இராத்திரி ஒரு மணிக்குக் கறுப்பி எழுந்திருக்கும். சமீபத்தில் வீட்டைப் புதுப்பித்தபோது பழைய தரையைப் பெயர்த்துவிட்டுக் கண்ணாடி போன்ற டைல்ஸ் போட்டிருந்தோம். அதன் மேல் நகங்கள் ‘டக், டக்’ என்று ஒலிக்கக் கூடத்தை நாலைந்து தடவை சுற்றி வரும். பிறகு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கில் மூக்கை நுழைத்துக் கொண்டு நிற்கும். பின்னால் நகர வேண்டும் என்பது அதற்குத் தோன்றாது. நின்றபடியே சுவரைப் பார்த்துக் குரைக்கும். இது நாலு மணி வரையில் நடக்கும். விடிந்த பிறகு திண்ணை நிழலில் படுத்தால் சாயங்காலம் வரையில் ஒரே தூக்கம்.

பத்து நாள் கழித்து அடுத்த வீட்டு நெசவாளி வந்தார். மிகவும் மரியாதையான மனிதர்.

“அண்ணாச்சி, உங்கள் நாய் திருடனைக் கண்டு குரைத்தால் நாங்களும் தடி எடுத்துக் கொண்டு வருவோம். சுவரைக் கண்டு குரைத்தால் நாங்கள் என்ன செய்ய முடியும்? விடியக்காலையில் தறியில் உட்கார வேண்டியவன் நான். கண் அசந்தால் இழை அறுந்து போகிறது” என்றார்.

அவர் சொன்னது நியாயம். வேறு சிலர் சொன்னது அவ்வளவு நியாயமாக இல்லை. ‘வெறி பிடித்துவிட்டது, அடித்துப் போடுங்கள்’ என்று ஒருவர் யோசனை சொன்னார். ‘சாக்கில் கட்டிக் கமுதிக்கு அப்பால் விட்டுவிட்டால் திரும்பி வராது’ என்றார் இன்னொருவர். தூக்கம் இல்லாத மனிதனுடைய புத்தி எவ்வளவு தூரம் கெட்டுப் போகும் என்பதற்கு நானே சாட்சி. தருமபுத்திரர், தம் பின்னால் வந்த நாயை விட்டுவிட்டு வருவதானால் சுவர்க்கமே வேண்டாம் என்றார். நானோ, கரி மூட்டை ஏற்றிக் கொண்டு பரமக்குடிக்குப் போகும் லாரிக்காரர் ஒருவரிடம் மெதுவாக இந்த விஷயத்தைப் பிரஸ்தாபித்துவிட்டு வந்தேன். வெட்கத்துடன்தான் இதை எழுதுகிறேன்.

அந்தச் சமாசாரம் எப்படியோ என் அத்தையின் காதுக்கு எட்டிவிட்டது. அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. காது மட்டும் கூர்மை.

“ஏண்டா, எனக்குந்தான் ராத்திரியில் தூக்கம் வருவதில்லை. நானுந்தான் விளக்கைப் போட்டுக் கொண்டு கூடத்தைச் சுற்றி வருகிறேன். நேற்றைக்கு மூக்குக் கண்ணாடியை மூக்கில் வைத்துக் கொண்டே அரை மணி நேரம் தேடினேன். என்னை எந்த லாரியில் ஏற்றப் போகிறாய்?” என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் கறுப்பியை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டு மிருக வைத்தியரிடம் போனேன்.

* * *

வைத்தியர் முதலில் கேட்ட கேள்வி, “எத்தனை நாளாக இப்படி இருக்கிறது?” என்பது. கொஞ்சங் கொஞ்சமாக முற்றி இரண்டு மாதம் ஆகிறதென்றேன். “அப்படியானால் வெறி நோய் என்ற பயத்தை விடுங்கள். வெறி நோயின் குறி தோன்றிய நாய் பத்து நாளுக்குள் இறந்துவிடும்” என்றார். இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனை கிழ நாய்கள் கல்லடி பட்டுச் செத்தனவோ! ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நேற்று வரை சரியாக இருந்த நாய் திடீரென்று குணம் மாறி, எச்சில் ஒழுக, தண்ணீரை விழுங்க முடியாமல், கண்டதையெல்லாம் கடித்தால், அதன் அருகில் யாரும் போகக் கூடாது. கடி பட்டுவிட்டால் புண்ணைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக் கொள்ள வேண்டும். இளையதோ கிழடோ, வருஷந் தவறாமல் நாய்க்குத் தடுப்பு ஊசி போடுவது வீட்டுக்காரருடைய கடமை.

பிறகு அவர் கறுப்பியை உச்சி முதல் உள்ளங்கால் வரையில் சோதித்தார். பல்லைப் பார்த்தார், காதுக்குப் பின்னால் கையைத் தட்டினார், இடுப்பு மூட்டை மெல்ல மடக்கி நீட்டினார். இரத்தமும் சிறுநீரும் எடுத்துக் கொண்டார். “தூக்கம் கெட்ட நாய்க்குத் தூக்க மருந்து கொடுப்பது கடைசிக் காரியம். ஏன் கெட்டது என்று பார்ப்பதுதான் முதல் காரியம்” என்பது அவருடைய சித்தாந்தம்.

காரணங்கள் பல உண்டாம். மூட்டு வாதம் உள்ள நாய், ஒரே பக்கமாக ஒரு மணி நேரம் படுத்தால் வலி தாங்காமல் எழுந்துவிடும். சிறுநீரகம் தளர்ந்த நாயும் நீரிழிவு கண்ட நாயும் இராத்திரியில் இரண்டு மூன்று தடவை வெளியே போக வேண்டியிருக்கும். கதவு மூடியிருந்தால் தவித்துச் சுற்றும். இருதயம் பலவீனமானால் படுத்த பிறகு இருமல் வரும். சொத்தைப் பல் இராத்திரியில்தான் அதிகம் வலிக்கும் என்பதை மனிதர்களாகிய நாமும் அறிவோம். உண்ணி பிடித்திருந்தால் அரிப்பு மட்டுமல்ல, அதன் மூலமாக இரத்தத்தில் நோயும் புகும். கண்ணும் காதும் மங்கிய நாய்க்கு இருட்டு ஒரு பெரிய வனாந்தரம். கறுப்பிக்கு இடுப்பில் வாதம், சொத்தைப் பல் இரண்டு, கண்ணில் மேகம் போன்ற மறைப்பு, காது முக்கால்வாசி செவிடு. சிறுநீரில் குற்றம் இல்லை.

இவையெல்லாம் போக மிச்சமிருப்பது மூளையின் மூப்பு. ஜெர்மானிய வைத்தியர் அல்ஸைமர் 1906-ம் வருஷத்தில் முதியவர்களின் மறதி நோயைப் பற்றி எடுத்துச் சொன்னாரல்லவா? அந்த நோய் கண்டவர்களின் மூளையில் படியும் அதே ஜாதிப் புரதம் கிழ நாய்களின் மூளையிலும் படிகிறது என்று பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். குறிகளும் ஏறக்குறைய ஒன்றுதான். பழகிய வீட்டிலேயே வழி தப்புவது, மூலையில் சிக்கிக் கொள்வது, தெரிந்தவர்களைத் தெரியாதவர் போல் பார்ப்பது, இடமறியாமல் அசுத்தம் செய்வது, பகலை இரவாகவும் இரவைப் பகலாகவும் மாற்றிக் கொள்வது. கலிபோர்னியா சர்வகலாசாலையின் டேவிஸ் கலாசாலையார் 2001-ம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சியில், பதினொன்று பன்னிரண்டு வயது நாய்களில் நூற்றுக்கு 28-ம், பதினைந்து பதினாறு வயது நாய்களில் நூற்றுக்கு 68-ம் இக்குறிகளில் ஒன்றையாவது காட்டின. ஆகவே, ‘என் வீட்டு நாய்க்கு மட்டும் ஏன் இப்படி?’ என்று யாரும் தலையில் கை வைத்துக் கொள்ள வேண்டியதில்லை.

“தூக்கமில்லாவிட்டால் என்ன, பகலில் தூங்குகிறதே!” என்று நினைக்கலாம். 1894-ம் வருஷத்தில் ருஷ்யாவில் மரியா மனஸேயினா என்ற பெண்மணி நாய்க் குட்டிகள் பத்தைத் தூங்க விடாமல் வைத்துப் பார்த்தாள். தீனி தாராளமாய்க் கொடுத்தும் நாலைந்து நாளில் அவை மாண்டு போயின. இம்மாதிரிப் பரீட்சையை இன்று ஒருவரும் சகிக்க மாட்டார்கள். எனக்கு அதைப் படிக்கவே மனம் ஒப்பவில்லை. ஆனால் உணவைக் காட்டிலும் தூக்கம் பிராணனுக்கு அவசியம் என்பது அந்தக் குட்டிகளின் உயிரைக் கொடுத்துத் தெரிந்து கொண்ட உண்மை. நாயின் தூக்கம் சிறு சிறு தவணைகளாக அமைந்தது. ஆழ்ந்த தூக்கத்துக்குப் பிறகு கால்கள் துடிக்கும், உதடு நெளியும், வாய்க்குள்ளேயே ஒரு முனகல் கேட்கும். கறுப்பி அப்போது பழைய முயல் எதையோ விரட்டிக் கொண்டிருக்கிறது என்று நாங்கள் நினைத்துக் கொள்வோம். அந்த வேளையில் எழுப்பக் கூடாது. காது கேளாத நாயைத் தொட்டு எழுப்பினால் திடுக்கிட்டுக் கடித்துவிடும்; அதன் மேல் குற்றமில்லை. தரையில் காலைத் தட்டி அதிர்வு தெரியச் செய்ய வேண்டும். அல்லது கையை மூக்கருகே நீட்டினால் வாசனை கண்டு தானே விழிக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதை முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது.

மருந்து விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. தலைவலிக்கும் மூட்டு வலிக்கும் நாம் சாப்பிடும் மாத்திரையில் பாதியை உடைத்துச் சோற்றில் வைக்கும்படி எனக்கு ஒருவர் யோசனை சொல்லியிருந்தார். அதைக் கேட்ட வைத்தியர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். இபுபுரூபனும் டைக்குளோபினாக்கும் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாரஸிட்டமால் கல்லீரலையும் இரத்தத்தையும் கெடுக்கும். நாய்க்கென்றே உள்ள வலி மருந்துகள் வேறு. மூளை மூப்புக்கு ஸெலிஜிலின் என்ற மருந்தும் உண்டு. சில நாய்களுக்குக் குணம் தெரியும், சிலவற்றுக்குத் தெரியாது. எதைக் கொடுப்பதானாலும் அளவை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். கறுப்பிக்கு இரண்டு பல்லையும் எடுத்து, மூட்டு வலிக்கு மருந்து எழுதிக் கொடுத்து, “மற்ற வைத்தியம் உங்கள் வீட்டில் இருக்கிறது” என்று சொல்லி அனுப்பினார்.

* * *

வீட்டு வைத்தியத்தைச் சொல்லுமுன், திருச்சுழியில் பிறந்த ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. 1879-ம் வருஷம் டிஸம்பர் 30-ந் தேதி அவ்வூரில் பிறந்து, 1896-ல் மதுரையை விட்டுத் திருவண்ணாமலைக்குப் போய், 1950-ல் மறையும் வரை அம்மலையை விட்டு அகலாத ரமண மகரிஷியைத்தான் சொல்கிறேன். அவருடைய தத்துவ விசாரம் நம் கட்டுரைக்கு அப்பாற்பட்டது. அவர் நாய்களிடம் பழகிய விதம் அப்பாற்பட்டதல்ல. எந்தப் பிராணியையும் அவர் ‘அது’ என்று சொல்ல மாட்டார். ‘அவன்’, ‘அவள்’ என்றே சொல்வார். பையன்களுக்குச் சாப்பாடு ஆயிற்றா என்று அவர் விசாரித்தால், ஆசிரமத்து நாய்களைத்தான் விசாரிக்கிறார் என்று அங்கிருந்தவர்கள் தெரிந்து கொள்வார்கள். ஜாக்கி என்ற நாய் நோய்வாய்ப்பட்டபோது அவர் அதற்கு மெத்தென்று ஒரு படுக்கை போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் இருந்து கவனித்தார். நோய் முற்றி உடம்பில் துர்நாற்றம் வீசியபோதும் அவருடைய கவனிப்பில் குறைவு ஏற்படவில்லை. கடைசியில் அது அவருடைய கையிலேயே உயிர் விட்டது. பசு லக்ஷ்மி, மான், காக்கை ஆகியவற்றின் சமாதிகளோடு ஜாக்கியின் சமாதியையும் இன்றைக்கும் அங்கே காணலாம்.

லாரிக்காரரைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு, நம்முடைய சீமையில் பிறந்தவர் செய்த இந்தக் காரியம் ஞாபகத்துக்கு வந்தது. அவரும் முதலில் செய்தது ஒரு படுக்கை போட்டதுதான். ஆகவே நானும் படுக்கையிலிருந்து ஆரம்பித்தேன்.

முதல் படுக்கை தோல்வி. இலவம் பஞ்சு மெத்தை ஒன்றைத் தாராளமாக எடுத்துப் போட்டேன். கறுப்பி அதில் புதைந்து போயிற்று. பின்னங்கால் ஊன்றி எழுந்திருக்க முடியாமல் பரிதாபமாகப் பார்த்தது. மறுநாள் மெத்தைக்குப் பக்கத்தில் வெறுந் தரையில் படுத்திருந்தது. மூட்டு வாதம் உள்ள நாய்க்கு மெத்தை மெத்தென்று இருந்தால் மட்டும் போதாது, தாங்கவும் வேண்டும். பிறகு இரண்டங்குலக் கனத்தில் தென்னை நார் மெத்தைத் துண்டு ஒன்று வாங்கி, அதன் மேல் பழைய ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு, எல்லாவற்றையும் அத்தையின் பழைய கைத்தறிச் சேலையால் சுற்றினோம். சேலை அத்தையின் யோசனை. கண்ணும் காதும் போனாலும் நாய்க்கு மூக்கு கடைசி வரையில் துணை செய்யும். தெரிந்த வாசனை இருந்தால் இருட்டு அவ்வளவு பயங்கரமாயிராது. துவைத்த சேலையை விட இரண்டு நாள் கட்டிய சேலை நல்லது என்பதும் அத்தை கண்டுபிடித்ததே.

அடுத்தது தரை. கிழ நாய்க்கு இன்றைய வழுவழுப்பான தரையைப் போன்ற விரோதி வேறில்லை. எழுந்திருக்கும்போது பின்னங்கால் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாகச் சறுக்குகின்றன. ஒரு தடவை சறுக்கி வலி கண்ட நாய், மறுபடி படுக்கவே அஞ்சி நின்று கொண்டேயிருக்கும். பழைய சாணித் தரையில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. நான் படுக்கையிலிருந்து தண்ணீர்ச் சட்டி வரையிலும், அங்கிருந்து வாசற்படி வரையிலும் தேங்காய் நார் மிதியடிகளை வரிசையாகப் பரப்பி ஒரு ராஜபாட்டை அமைத்தேன். வளர்ந்திருந்த நகத்தையும் வெட்டிவிட்டோம். நகம் நீண்டிருந்தால் பாதம் தரையில் படியாது. பீரோ இடுக்கை ஒரு பலகையால் அடைத்தேன். கூடத்து மூலையில் சின்ன விளக்கு ஒன்று இராமுழுதும் எரிகிறது.

வெப்பம் எங்கள் சீமையின் பெரிய பிரச்னை. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வேர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். இரைத்துக் கொண்டே எப்படித் தூங்குவது? பகலெல்லாம் காய்ந்த சிமிண்டுத் தளம் நள்ளிரவு வரையில் சூட்டைக் கக்கும். சித்திரை வைகாசியில் ஜன்னலில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டால் உள்ளே வரும் காற்று குளிர்ந்துவிடுகிறது. வறண்ட காற்றுள்ள இடத்தில்தான் இந்த உபாயம் பலிக்கும். சென்னைப் பட்டணத்துப் புழுக்கத்தில் பலிக்காது. திண்ணையில் படுக்க வைத்துப் பார்த்தேன். காற்று இருந்தது, கொசுவும் இருந்தது. கொசுக்கடியால் நாய்க்கு இருதயப் புழு வரக்கூடும் என்று வைத்தியர் சொன்னபடியால் உள்ளேயே வாசற்படிப் பக்கம் கொண்டு வந்து வைத்தோம். மார்கழிப் பனியில் இதற்கு நேர் எதிரான சங்கடம்: கொழுப்பில்லாத இந்த உடம்பு நடுங்கும். அப்போது ஒரு போர்வை வேண்டும்.

இராத்திரியில் நனைத்துவிடுகிறதே என்று சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர்ச் சட்டியை எடுத்து வைத்துவிடுகிறவர்கள் உண்டு. இது பெரிய பிசகு. தளர்ந்த சிறுநீரகத்துக்குத் தண்ணீர்தான் மருந்து. எடுக்க வேண்டியது சட்டியை அல்ல, நாயை. படுக்கப் போகுமுன் வெளியே அழைத்துப் போய்ச் சிறுநீர் கழிக்கச் செய்ய வேண்டும்.

கடைசியாக நேர ஒழுங்கு. கிழ மூளைக்கு ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி நடந்தால் அதுவே ஒரு கைத்தடி. காலை வெயிலில் அரை மணி நேரம் வாசலில் இருக்கச் செய்கிறோம். பகல் எது என்று உடம்புக்குத் தெரிவிப்பதற்கு வெளிச்சத்தை விட நல்ல கடிகாரம் இல்லை. பிற்பகல் நாலு மணிக்கு மேல் தூங்க விடுவதில்லை. ஆறு மணிக்குக் கண்மாய்க் கரையில் மெதுவாக நடை. நடை என்பதை விட, ஒவ்வொரு செடியாக மோந்து பார்க்கும் யாத்திரை என்று சொல்வதே பொருந்தும். மோப்பம் பிடிப்பது நாய்க்குப் பத்திரிகை வாசிப்பது மாதிரி. மூளைக்கு அது நல்ல வேலை. ஏழு மணிக்குக் கம்பஞ்சோற்றைக் குழைத்து, முள் எடுத்த மீனையோ முட்டையையோ பிசைந்து கொடுக்கிறோம். பத்து மணிக்கு அத்தை வாசல் கதவைத் திறப்பாள். கறுப்பி வேப்பமரத்தடி வரையில் போய்விட்டு வரும். விளக்கு அணையும்.

முதல் வாரம் ஒரு பலனும் தெரியவில்லை. நான் மனம் தளர்ந்து போனேன், அத்தை தளரவில்லை. ஒன்பதாவது நாள் கறுப்பி மூன்று மணி வரையில் தூங்கிற்று. ஒரு மாதத்தில் பத்து மணியிலிருந்து நாலு மணி வரையில் தூங்குவது பெரும்பாலான நாட்களில் வழக்கமாகிவிட்டது. இடையில் ஒரு தடவை எழுந்திருக்கும். அப்போது அதைக் கடிந்து பேசுவதில்லை. சத்தம் போட்டால் குழப்பம் அதிகமாகும். அத்தை எப்படியும் விழித்திருக்கிறாள். தலையைத் தடவிக் கொடுத்துப் படுக்கைக்கு அழைத்து வந்து விடுவாள். சில சமயம் இருவரும் வாசற்படியருகில் சும்மா உட்கார்ந்திருப்பதைக் கண்டிருக்கிறேன். கறுப்பிக்கு வந்தது குணமாகிற நோயல்ல. வாரத்தில் ஒரு நாளாவது பழைய கூத்து உண்டு. வைத்தியர் இதையும் முன்னாலேயே சொல்லியிருந்தார். தின்னவும் மாட்டாமல், எழுந்திருக்கவும் மாட்டாமல், எந்நேரமும் வலியில் முனகும் நாள் வந்தால் அப்போது என்ன செய்வது என்பதைத் தம்மோடு கலந்து யோசிக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். அந்த நாள் இன்னும் வரவில்லை.

சென்ற வாரம் அடுத்த வீட்டுக்காரர் வந்திருந்தார். இன்னொரு புகாரோ என்று பயந்தேன். “ஒன்றுமில்லை, அண்ணாச்சி. நாய் குரைப்பதை நிறுத்திய பிறகு நாலு மணிக்கு எழுந்திருக்க மறந்து போகிறது. கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன்” என்றார்.

ஐப்பசி மழை நெருங்குகிறது. வாசற்படிப் பக்கம் ஈரம் கோத்துக் கொள்ளும். ஈரம் மூட்டு வாதத்துக்கு ஆகாது. படுக்கையைச் சமையலறைச் சுவரோரம் மாற்ற வேண்டும். திடீரென்று மாற்றினால் கறுப்பிக்கு இடம் பிடிபடாது என்பதால் தினம் ஒரு முழமாக நகர்த்தி வருகிறோம். அத்தை தன்னுடைய பழைய போர்வை ஒன்றை உதறி வெயிலில் போட்டிருக்கிறாள்.